கடைமடை நீருக்கு எந்தப் படகு?

காரைக்காலில் படகுக்குப் பஞ்சமில்லை. வடக்கே மண்டபத்தூரிலிருந்து தெற்கே வாஞ்சூர் வரை மீனவ ஊர்களின் மணலில் ஃபைபர் படகுகள் வரிசைகட்டி நிற்கின்றன. அரசலாற்றுத் துறைமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கின்றன. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி, பிள்ளைகளோடு ஆற்றில் இறங்கி, நாலு கெளுத்தியோ அதிர்ஷ்டமிருந்தால் ஒரு கொடுவாவோ பிடித்துக்கொண்டு பத்து மணிக்குள் வீடு திரும்ப நினைக்கும் ஓர் ஆசிரியருக்கோ வங்கி ஊழியருக்கோ இவற்றில் எதுவும் உதவாது. ஃபைபர் படகென்றால் ஏறக்குறைய 28 அடி. அதை நிறுத்தக் கரையில் இடம் வேண்டும், மணலில் தள்ள ஆள் வேண்டும், கூடவே ஊரில் ஒரு பாத்தியதையும் வேண்டும். அடுக்குமாடியில் குடியிருப்பவரிடம் இதில் ஒன்றும் இருக்காது.

அவர் கண் போவது ரப்பர் படகின் மேல். காற்றை இறக்கிச் சுருட்டினால் காரின் பின்பெட்டிக்குள் போய்விடும், ஆற்றங்கரையில் பம்பு அடித்தால் கால் மணி நேரத்தில் எழுந்து நிற்கும். இணையக் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்குத் துடுப்போடு கிடைப்பதும் உண்டு, ஒரு லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. விளம்பரப் படங்களில் எல்லாம் ஒரே மாதிரி சிரிக்கும் அப்பா, ஒரே மாதிரி நீல ஏரி. நம்மிடம் இருப்பது ஏரி அல்ல. காவிரியின் கடைமடை ஆறுகள், மணல் மேவிய முகத்துவாரங்கள், அதற்கப்பால் திறந்த வங்காள விரிகுடா. இந்த நீருக்கு அந்தப் படகு பொருந்துமா, பொருந்துமென்றால் எது, அதில் என்னென்ன ஏற்றுவது என்பதே கேள்வி. விற்பவரும் வாங்குபவரும் ஓட்டை விழுமா என்று மட்டுமே பேசுகிறார்கள். என் கணிப்பில் ஓட்டை இரண்டாம் கவலை. முதல் கவலை காற்று, படகுக்கு வெளியே அடிக்கிற காற்று.

முதலில் கடலைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். சோழமண்டலக் கரையில் தீவோ வளைகுடாவோ மறைப்புக் கொடுப்பதில்லை. அலை நேராக வந்து கரையோரத்தில் உடைகிறது. இந்த உடையும் அலையைத் தாண்டத்தான் கட்டுமரம் உருவானது. நீளமான மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த அந்தக் கலத்தில் தண்ணீர் தங்குவதற்குக் குழியே இல்லை. மேலே ஏறிய அலை இடுக்கு வழியே இறங்கிவிடும், கவிழ்ந்தாலும் மரம் மிதக்கும், கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து வெயிலில் காயப் போடலாம். மூழ்காத, பிரித்து வைக்கக்கூடிய கலம் என்று ரப்பர் படகுக்குச் சொல்லப்படும் இரண்டு பெருமைகளும் இந்தக் கரைக்குப் புதியவை அல்ல. ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியபோது, கட்டுமரத்துக்கு மாற்றாகக் கரையிலிருந்தே இறக்கி ஏற்றக்கூடிய ஒரு படகை வடிவமைப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்றாக இருந்தது. தேர்ந்த படகு வடிவமைப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் மாதிரிமேல் மாதிரி செய்து பார்த்த சிக்கல் அது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி போன்ற ஊர்களுக்கு அரசும் தொண்டு நிறுவனங்களும் நிவாரணமாக ஃபைபர் படகுகளைக் கொண்டுவந்து குவித்தன. கட்டுமரம் வேகமாகப் பின்வாங்கியது அப்போதுதான். அந்த ஃபைபர் படகும், நீண்ட வால்போன்ற தண்டோடு கூடிய சுமார் 10 குதிரைத்திறன் டீசல் எஞ்சினை வைத்துக்கொண்டு, அலைக்கும் அலைக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளியைப் பார்த்துத்தான் வெளியேறுகிறது. அந்த இடைவெளியைக் கணிக்கும் கண் பிறந்ததிலிருந்து அலையைப் பார்த்தவர்களுக்கு உரியது. நாற்பது கிலோ எடையுள்ள ரப்பர் படகின் மூக்கை உடையும் அலை ஒரே தூக்காகத் தூக்கிப் பின்பக்கமாகப் புரட்டிவிடும். பிள்ளைகள் இருக்கும் படகுக்கு இந்தச் சோதனை தேவையே இல்லை.

மீதி இருப்பது ஆறு. காரைக்கால் வட்டாரம் மொத்தமே ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டர். அதற்குள் நண்டலாறு, வாஞ்சியாறு, நூலாறு, அரசலாறு, திருமலைராஜனாறு என்று காவிரியின் விரல்கள் கடல் தேடி வருகின்றன. கும்பகோணத்தைத் தொட்டு வரும் அரசலாறு நகரின் தெற்கு ஓரமாகப் போய்க் கடற்கரைச் சாலை அருகே கடலில் சேர்கிறது. குடும்ப மீன்பிடிக்கு இயல்பான இடம் இதன் கடைசிச் சில கிலோமீட்டர்தான். ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால் ஓத நீரோட்டம் பயமுறுத்தாது. கொடுவா, மடவை, கெளுத்தி, கிழங்கான், பால்மீன், கழி நண்டு எல்லாம் உப்பும் நன்னீரும் கலக்கும் இந்தப் பகுதியில் உண்டு. குறை ஒன்று: முகத்துவாரத்தை ஒட்டி விசைப்படகுத் துறைமுகமும் இருக்கிறது. பெரிய படகு கடந்துபோனால் எழும் அலை, நீருக்கடியில் ஓடும் நங்கூரக் கயிறு, விசிறியின் சுழற்சி, இவை உள்ள பக்கம் சின்னப் படகுக்கு வேலையில்லை. துறைமுகத்துக்கு மேற்கே, உள்ளுக்குள் இருப்பதே நல்லது.

ரப்பர் படகின் வரலாற்றைப் பார்த்தால் காற்று பற்றிய என் கவலை புரியும். 1840களில் பீட்டர் ஹால்கெட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி போர்த்திக்கொள்ளும் மேலங்கியாகவும் ஊதினால் படகாகவும் ஆகும் ஒன்றைச் செய்தார். ஆர்க்டிக் பயணிகள் சிலர் அதை எடுத்துச் சென்றார்கள், கடற்படை ஆர்வம் காட்டவில்லை. இன்று நாம் காணும் உருவம், அதாவது இரண்டு பக்கமும் குழாய், முன்னால் வளைவு, பின்னால் மோட்டார் மாட்டும் பலகை, 1930களில் பிரான்சின் ஜோடியாக் நிறுவனத்தில் பியர் டெப்ரூத்தெல் என்ற பொறியாளரின் கையில் பிறந்தது. ஆகாயக் கப்பல் கட்டிக்கொண்டிருந்த நிறுவனம் அது. அதை உலகறியச் செய்தவர் அலேன் பொம்பார் என்ற மருத்துவர். 1952 அக்டோபரில் கேனரித் தீவிலிருந்து சுமார் 4.6 மீட்டர் நீளமுள்ள ஜோடியாக் படகில் தனியாகக் கிளம்பி, 65 நாளில், டிசம்பர் 23 அன்று பார்படோஸ் போய்ச் சேர்ந்தார். அந்த நேரத்தில் காரைக்காலில் பறந்துகொண்டிருந்ததும் அதே பிரெஞ்சுக் கொடிதான், இறங்கியது 1954 நவம்பர் 1இல். பொம்பாரின் பயணத்தைப் படகின் வெற்றி என்றே எல்லோரும் சொல்கிறார்கள். மிதந்தது என்ற அளவில் வெற்றிதான். ஆனால் அவர் போன திசை அவருடைய படகு தேர்ந்தெடுத்த திசை அல்ல. கிழக்கிலிருந்து மேற்கே ஓயாமல் வீசும் வாணிபக் காற்று, ஒரு சின்னப் பாயின் துணையோடு, அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. திரும்பிவர நினைத்திருந்தால் முடிந்திருக்காது.

காரைக்காலில் காற்றின் திசை இதற்கு நேர்மாறு. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் வீசுகிறது, கரையிலிருந்து கடலை நோக்கி. அப்போது ஆற்றிலிருந்து பார்த்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெரியும். கரையை ஒட்டிய நீரில் காற்றுக்கு அலை எழுப்ப ஓடுதளம் கிடைப்பதில்லை. அந்த அமைதியை நம்பித் துடுப்பை வைத்துவிட்டுத் தூண்டில் போட்டால், படகு சத்தமில்லாமல் முகத்துவாரம் பக்கம் நகரும். கவனித்துத் திரும்பும்போது எதிர்க்காற்று. முகத்துவாரம் தாண்டினால் நேர் கிழக்கே அடுத்த நிலம் லிட்டில் அந்தமான், சுமார் 1,400 கிலோமீட்டர்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். குழாயும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஆட்களும் சேர்ந்து காற்றுக்கு இரண்டு சதுர மீட்டர் முகம் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அதன்மேல் ஏறக்குறைய 8 கிலோ விசையோடு தள்ளும். காற்று இரண்டு மடங்கானால் தள்ளுதல் நான்கு மடங்காகும். ஃபைபர் படகிலும் இதே காற்று படுகிறது. ஆனால் அதற்கு நீருக்குள் உடம்பும் எடையும் இருக்கின்றன. ரப்பர் படகோ நீரின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டிருப்பது, நீருக்குள் பிடிமானம் இல்லை. சராசரி ஆள் துடுப்புப் போட்டால் அமைதியான நீரில் மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர்தான் தேறும். எதிர்க்காற்று வலுத்தால் அந்த வேகம் சுழியமாகிவிடும்.

ஆகவே எந்தப் படகு என்பதற்கு முன்னால் எந்த மாதம் என்று கேட்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும். புயல்காலமும் அதுதான். 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்கால் அருகேதான் கரையேறியது. 2018 நவம்பர் 16இல் கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே புகுந்தபோது இங்கும் மரங்கள் சாய்ந்தன. அந்த மாதங்களில் ஆற்றில் வெள்ளமும் வரும். கச்சான் வலுக்கும் ஆனி, ஆடியும் தள்ளுபடி. மிஞ்சுவது தை முதல் பங்குனி வரை. காற்று தணிந்திருக்கும், மழைநீர் வடிந்து ஆறு தெளிந்திருக்கும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28இல் மூடுவதால் அதற்குப் பிறகு உப்பு மெல்ல மேலேறி, கடல்மீன்களும் உள்ளே வரத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை போகலாம். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்துவிடும். அது கரைப்பக்கம் தள்ளும் காற்று என்பதால் ஆபத்துக் குறைவு, ஆனால் வெயில் அதிகம். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையமும் வானிலைத் துறையும் மீனவர்களுக்காகத் தினமும் காற்று, அலை முன்னறிவிப்புத் தருகின்றன. நாகை, காரைக்கால் கரைக்குத் தனியாகவே பார்க்கலாம். முந்தின இரவு அதைப் பார்க்காதவர் மறுநாள் போகாமலிருப்பதே சரி.

இனிப் படகு. சில ஆயிரத்துக்குக் கிடைப்பவை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் நூலிழை இல்லாமல் செய்யப்பட்டவை. அவை நீச்சல்குளத்துக்கும் கோயில் குளம் அளவுள்ள நீர்நிலைக்கும் ஆனவை. உறையிலேயே கடலில் பயன்படுத்தாதீர் என்று எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. அவற்றை மீன்பிடிக்க வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த படியில் இருப்பவை பாலியெஸ்டர் நெசவின் இருபுறமும் பி.வி.சி. பூசிய துணி. 0.9 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் நம் வேலைக்குப் போதும், மணலிலும் கல்லிலும் இழுக்க நேருமென்றால் 1.2 நல்லது. மேல்படியில் ஹைப்பலான் என்று பழக்கத்தில் சொல்லப்படும் செயற்கை ரப்பர் பூச்சு. வெயிலையும் பெட்ரோலையும் தாங்குவதில் பி.வி.சி. அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அந்தப் பெயருக்கு உரிய டூபாண்ட் நிறுவனம் 2010 வாக்கில் உற்பத்தியை நிறுத்திவிட்டது, இப்போது வேறு நிறுவனங்கள் அதே வகைப் பொருளைச் செய்கின்றன. ஆண்டு முழுதும் வெயிலில் கிடக்கும் மீட்புப் படகுக்கு அது தேவை. மாதம் இரண்டு முறை இறக்கி, கழுவி, வீட்டுக்குள் வைக்கும் படகுக்கு அந்தச் செலவு வீண்.

துணியைவிட முக்கியம் இணைப்பு. பசை போட்டு ஒட்டியதா, சூட்டில் உருக்கி இணைத்ததா என்று கேட்டே வாங்க வேண்டும். புழுக்கமும் வெயிலும் சேர்ந்த ஊரில் மலிவான பசை சில கோடைகளில் நெகிழ்ந்து விளிம்பு எழும். சூட்டிணைப்பு அப்படி எழாது. காற்றறைகள் மூன்றுக்குக் குறையக் கூடாது. 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய், முன்வளைவோடு சேர்த்து ஏழரை மீட்டர் நீளம் என்றால் அதன் கொள்ளளவு ஏறக்குறைய 940 லிட்டர். முழுக்க அமிழ்ந்தால் 940 கிலோவைத் தாங்கும். மூன்றில் ஓர் அறை முழுதாகப் போனாலும் 600 கிலோவுக்குமேல் மிதப்புவிசை மிஞ்சும். இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள், மோட்டார், பெட்டி எல்லாம் சேர்ந்து 300 கிலோவைத் தாண்டாது. ஓட்டையை நான் இரண்டாம் கவலை என்றது இந்தக் கணக்கை வைத்துத்தான். படகு சாயும், நனையும், மூழ்காது. ஐ.எஸ்.ஓ. 6185 என்பது ரப்பர் படகுகளுக்கான உலகத் தரநிலை. அந்த எண்ணும் அதிகபட்ச எடையும் ஆள் எண்ணிக்கையும் பின்பலகையிலுள்ள தகட்டில் இருக்க வேண்டும். நாலு பேர் என்று போட்டிருந்தால் மீன்பிடிக்க அது மூன்று பேர் படகு. தூண்டிலை வீசக் கை நீட்டும் இடத்தைத் தகடு கணக்கில் எடுப்பதில்லை.

நீளம் 3 முதல் 3.3 மீட்டர் போதும். அதற்குக் கீழே போனால் பிள்ளைகள் குழாயின்மேல்தான் உட்கார வேண்டியிருக்கும், மேலே போனால் மாடிப்படியில் தூக்கி இறங்க முடியாது. தரை மூன்று வகை: மரச்சட்டங்கள் செருகியது, முழுப்பலகை, காற்றுத் தரை. முழுப்பலகை உறுதியானது, ஆனால் கனம். காற்றுத் தரையில் ஆயிரக்கணக்கான நூல்கள் மேல்கீழ்த் தாள்களைப் பிடித்திருப்பதால் நன்கு ஊதினால் பலகை மாதிரி விறைத்து நிற்கும். குடும்பத்துக்கு அதுவே நல்லது என்பேன், ஒரே ஒரு நிபந்தனையோடு: மேலே ஒரு ரப்பர் பாய் விரிக்க வேண்டும். ஏன் என்பது கெளுத்தி வரும்போது தெரியும்.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு தொல்லை வெப்பம். காலை ஆறரைக்கு 27 டிகிரியில் குழாயைச் சரியாக 0.25 பார் அழுத்தத்துக்கு ஊதி வைக்கிறோம். பத்து மணிக்குப் படகைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு இட்லிப் பொட்டலம் பிரிக்கிறோம். சாம்பல்நிறக் குழாய் வெயிலில் 52 டிகிரிக்குப் போவது இங்கே சர்வசாதாரணம். உள்ளிருக்கும் காற்றின் மொத்த அழுத்தம் 1.25இலிருந்து 1.35 பாராக ஏறும். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் இணைப்புகள் தாங்கவேண்டியது வெளிக்காற்றைக் கழித்த மிச்சத்தை, அது 0.25இலிருந்து 0.35க்கு, அதாவது ஐந்தில் இரண்டு பங்கு கூடிவிட்டது. நீரில் மிதக்கும்போது ஆறு குளிர்விக்கும், கரையில் அந்தச் சலுகை இல்லை. கரையேறியதும் ஒவ்வோர் அறையிலும் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, மேலே ஈரச்சாக்கைப் போர்த்த வேண்டும். அழுத்தமானி இல்லாத பம்பை வாங்கவே கூடாது.

மோட்டாருக்கு வருவோம். மீனவர்கள் வைத்திருக்கும் நீள்வால் டீசல் எஞ்சின் இந்தப் பின்பலகையில் நிற்காது. 2.5 முதல் 3.5 எச்.பி. பெட்ரோல் மோட்டார், குட்டைத் தண்டு உள்ளது, பொருந்தும். காரைக்காலில் பெட்ரோல் தமிழ்நாட்டைவிட மலிவு என்பதால் பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டியோடு வந்து நிரப்பிக்கொண்டு போவது தெரிந்த கதை. மின்மோட்டாரும் கிடைக்கிறது: சத்தமில்லை, புகையில்லை, மீனும் கலையாது. ஆனால் 30 பவுண்டு தள்ளுவிசையுள்ள ஒன்று முழுவேகத்தில் ஏறக்குறைய 30 ஆம்பியர் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் மாதிரி 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கக் கூடாது என்பதால், முழுவேகம் ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். முப்பது பவுண்டு என்பது நின்ற நிலையில் 13.6 கிலோ விசை. முன்பு சொன்ன 30 கிலோமீட்டர் காற்று அதில் பாதிக்குமேல் தின்றுவிடும். மின்மோட்டார் வாங்குபவர் காற்றுக்கு எதிராகப் புறப்பட்டு, காற்றோடு திரும்பும்படி பயணத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். எந்த மோட்டாராக இருந்தாலும் துடுப்பு இரண்டும் படகில் கட்டியிருக்கட்டும்.

ஏற்ற வேண்டியவற்றில் முதலாவது மிதவைச் சட்டை. காற்று ஊதும் வகை வேண்டாம், நுரை வைத்தது வேண்டும். பிள்ளைகளுக்கு அவர்கள் எடைக்குத் தகுந்த அளவில், தலையைத் தாங்கும் கழுத்துப்பட்டியும் கால்களுக்கிடையே போகும் பட்டையும் உள்ளதாக இருக்க வேண்டும். அந்தப் பட்டை இல்லாவிட்டால் சட்டை மேலே ஏறிப் பிள்ளை கீழே நழுவும். வாங்கியவுடன் இடுப்பளவு நீரில் போட்டு மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டும். இதில் பேரம் பேசுகிற குடும்பம் படகே வாங்காமலிருக்கலாம். அடுத்தது, விழுந்தவர் மறுபடி ஏற ஒரு கயிற்றுப்படி. பருத்த, வழுக்கும் குழாயின்மேல் நீரிலிருந்து ஏறுவது நீச்சல் தெரிந்தவருக்கே கடினம். ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் இரண்டு: ஒன்றின் அடியை வெட்டினால் நீர் இறைக்க, மற்றொன்று மூடியோடு கயிற்றில் கட்டினால் எறியும் மிதவை. மீனவர்களிடமிருந்து கற்ற சிக்கனம். நீர்புகாப் பையில் போன், அதில் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் காவலின் 1093 ஆகிய எண்கள். கரையில் இருக்கும் ஒருவருக்கு எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போவதும் ஒரு கருவிதான்.

நங்கூரத்தில் பலர் தவறு செய்கிறார்கள். கடையில் கிடைக்கும் நாலு கொக்கி நங்கூரத்தின் நுனி, தூக்கும்போது குழாயில்தான் முதலில் உரசும். ஆற்றுச் சேற்றுக்கும் மணலுக்கும், தடித்த பையில் ஆறேழு கிலோ மணலைக் கட்டி, ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு கயிறு விட்டால் சின்னப் படகு நிற்கும். எப்போதும் முன்மூக்கிலிருந்து கட்ட வேண்டும். பின்பக்கம் கட்டினால் நீரோட்டம் பலகையைத் தாண்டி உள்ளே வரும்.

ஓட்டைக்கு இங்கே என்னென்ன வழி என்று பார்த்தால், பெரிய குற்றவாளி சீமைக்கருவேல முள். ஆற்றங்கரை முழுதும் அது உண்டு, காய்ந்து மண்ணில் கிடக்கும். படகை விரிக்குமுன் தார்ப்பாய் ஒன்றை விரித்துவிட வேண்டும். பாலத் தூண்களில் ஒட்டிய சிப்பி பிளேடு மாதிரி வெட்டும். தூண் நிழலில் கொடுவா நிற்கும் என்று ஆசைப்பட்டு உரசுபவர்கள் உண்டு. மூன்றாவது கெளுத்தி. முதுகிலும் இரண்டு பக்கமும் நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும் அரம்பப்பல் முள், படகையும் குத்தும், பிள்ளையின் பாதத்தையும் குத்தும். அந்த வலி இலேசில் அடங்காது. குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய வெந்நீரில் வைத்தால் தணியும் என்பதால் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோவது வீண்போகாது. கெளுத்தியைப் படகுக்குள் இறக்காமல் வெளியிலேயே வைத்துக் குறட்டால் தூண்டிலைக் கழற்றி, வாய் அகன்ற வாளியில் போட வேண்டும். நண்டு மாட்டினால் கால் கட்டும்வரை வாளியைவிட்டு எடுக்கக் கூடாது. கத்தி நுனி மழுங்கியதாக இருக்கட்டும்.

தூண்டில் சாமான் எளிமையாக இருக்கட்டும். பிள்ளைகளுக்குத் தங்கூசி நரம்பைப் பலகையில் சுற்றிய கைத்தூண்டிலே போதும். கழி வைத்தால் பின்னால் வீசும்போது கொக்கி குழாயிலோ தம்பியின் காதிலோ மாட்டும். கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் மாட்டினாலும் கழற்றலாம். பெரியவர் ஒருவர் மட்டும் கழி வைத்துக்கொள்ளலாம். இரை உயிர் இறால், கிடைக்காதபோது ஐஸ் இறால். மீனுக்குச் சின்ன ஐஸ்பெட்டி, அதையே நடு இருக்கையாக வைத்துக் கட்டினால் இடம் மிச்சம். நிழலுக்குக் கூரை போடும் ஆசை எல்லோருக்கும் வரும், அதைத் தவிர்க்கவே சொல்வேன். கூரை என்பது பாய்தான், காற்றுக்குக் கூடுதலாக ஒரு முகம். தொப்பி போதும்.

சட்டமும் ஊரும் உண்டு. கடலில் மோட்டார் வைத்து மீன்பிடிக்கப் புதுச்சேரி மீன்வளத்துறையின் பதிவும் உரிமமும் வேண்டும். காரைக்காலின் எல்லை வடக்கிலும் தெற்கிலும் சில கிலோமீட்டரில் முடிந்து தமிழ்நாடு வந்துவிடுகிறது, அங்கே நடப்பில் இருப்பது 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடிச் சட்டம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம், மோட்டார் இல்லாத மரபுவழிக் கலங்களுக்கு அதிலிருந்து விலக்கு. ஆற்றில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர் இவற்றில் எதற்குள் வருகிறார் என்பதை வாங்குமுன் மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டு, துறைமுக அதிகாரியின் அனுமதிக்கு உட்பட்ட நீர்ப்பரப்பு எது என்றும் தெரிந்துகொள்வது நல்லது. எழுதப்படாத சட்டம் இன்னும் வலுவானது. இந்தக் கரையில் யார், எந்த வலையை, எப்போது போடலாம் என்பதை நாட்டார், பஞ்சாயத்தார் கூடி முடிவு செய்யும் மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது. டச்சு ஆய்வாளர் மார்ட்டன் பாவிங்க் சோழமண்டலக் கரையில் தங்கி அதைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். ஒருவர் வலை கட்டியிருக்கும் இடத்தில் நங்கூரம் போடாமலிருப்பதும், இறங்கும் துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவதும் மரியாதை. அப்படிக் கேட்டால் முகத்துவாரத்தில் எந்தப் பக்கம் மணல் மேவியிருக்கிறது என்ற தகவலும் கூடவே கிடைக்கும்.

மாற்று வழிகளையும் எடைபோட வேண்டும். லாரி டியூபின்மேலும் தெர்மாகோல் தெப்பத்தின்மேலும் உட்கார்ந்து ஏரி, குளங்களில் தனியாள் மீன்பிடிப்பது தமிழ்நாட்டில் பல இடங்களில் காணக்கூடியது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் பிழைப்புக்காக இறங்குகிறவரின் கெட்டிக்காரத்தனம். குடும்பத்துக்கு ஆகாது. ஒகேனக்கல், மேட்டூர் பரிசல் கவிழ்வது அரிது, ஆனால் ஓட்டத் தனிக் கை வேண்டும், மடக்கவும் முடியாது. வருடத்துக்கு நாலைந்து தடவை மட்டுமே போகப்போகிறவருக்கு என் யோசனை வேறு: துறையில் பழகிய மீனவர் ஒருவரை அணுகி, அவர் படகில், அவர் ஓட்ட, ஆற்றுக்குள்ளேயே ஒரு காலைப்பொழுது கூலி பேசிக்கொள்ளலாம். பணமும் மிச்சம், மீன் இருக்கும் இடமும் தெரியும். மாதம் இரண்டு முறையாவது இறங்கப்போகிறவர், வீட்டில் உலர்ந்த ஓர் அறை உள்ளவர், பெரியவர் இருவருக்கும் நீச்சல் தெரிந்தவர், இவர்களுக்குத்தான் ரப்பர் படகு.

உலர்ந்த அறை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. உப்புநீர் காய்ந்தால் படிகங்கள் மடிப்புக்குள் மணல்தாள்போல் அறுக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவி, நிழலில் முழுதாக உலர்த்தி, தளர்வாகச் சுருட்டி வைக்க வேண்டும். மாடியில் தகரக்கொட்டகைக்குள் வைத்தால் வெயில் பசையைத் தின்னும். மீன்வாடை போகாத படகை எலி தேடிவரும், எலி கடித்தால் மடிப்புக்கு மடிப்பு ஓட்டை. ஒட்டுவதற்கு முக்குப் பங்க்சர் கடையை நம்ப முடியாது. சைக்கிள் டியூபுக்குப் போடும் சொல்யூஷன் பி.வி.சி.யில் ஒட்டின மாதிரி இருந்துவிட்டு அடுத்த வெயிலில் உரிந்துவரும். பி.வி.சி.க்கென்றே உள்ள பசையும் அதே துணியில் துண்டுகளும் படகோடு வருகின்றனவா என்று பார்த்து வாங்கி, ஒட்டியபின் ஒரு நாள் முழுக்க ஊதாமல் விட வேண்டும். சனிக்கிழமை இரவு கண்டுபிடித்த ஓட்டையோடு ஞாயிறு காலை போக முடியாது.